பெயரடைகளுக்கு ஒரு பிறந்தநாள்

“புதன்கிழமை. பகல் முழுவதும் மேற்கிலிருந்து கச்சான் காற்று. வாவியில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. மாலையில் மகளின் பிறந்தநாள் வீட்டில் கொண்டாடப்பட்டது. கேக் நன்றாக இருந்தது. மகள் பிறந்தது மாசி மாதம்.”

என் நாட்குறிப்பின் ஓகஸ்ட் மாதப் பக்கம் ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன். பக்கத்தின் மேலே திகதியும் ஆண்டும் இருக்கின்றன. அவற்றை இங்கே தரமுடியாதது எனக்கு எவ்வளவு வருத்தம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். செட்டிபாளையத்தில் எந்த வருடம் எந்த நாளில் முதல் மழை விழுந்தது, வாவி கடலில் சேரும் முகத்துவாரம் எப்போது வெட்டப்பட்டது, யார் வீட்டுக் கிணறு எப்போது தோண்டப்பட்டது என்றெல்லாம் பல காலமாக எழுதி வருகிறவன் நான். ஆனால் மனைவி ஒரே பிடியாக நிற்கிறாள்.

“வருசத்தப் போட்டு எழுதினீங்களோ, மறுகா சோறு கறிய நீங்களே ஆக்கிக்கொள்ளுங்க. அந்தச் சட்டம் இன்னும் இரிக்கு, தெரியும்தானே?”

சட்டம் இருக்கிறதுதான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும், ஒரு குறித்த நாள் நள்ளிரவிலிருந்து பரீட்சை முடியும்வரை ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாம் தடை. பிள்ளைகள் கடைசி நாட்களிலாவது மூச்சு விடட்டும் என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கு அது வந்த நேரந்தான் சரியில்லை.

எங்கள் பகுதி வழக்கப்படி நான் மனைவியின் வீட்டில் வாழ்பவன். ஒரே வளவில் இரண்டு வீடுகள். முன்வீடு எங்களுடையது, பின்வீடு மனைவியின் தங்கையுடையது. எங்களுக்கு ஒரு மகள், அவர்களுக்கு ஒரு மகள். ஒரு வயது வித்தியாசம். இரண்டு பேரும் ஒரே வாளியில் தண்ணீர் அள்ளிக் குளித்து, ஒரே கொய்யா மரத்திலிருந்து விழுந்து வளர்ந்தவர்கள். மூத்தவளான பின்வீட்டுப் பிள்ளை முந்திய வருடம் புலமைப்பரிசிலில் சித்தியடைந்து மட்டக்களப்பு நகரத்துப் பாடசாலைக்குப் போய்விட்டாள். காலையில் இருட்டு விலகும் முன்னரே கல்முனை வீதியில் வரும் பஸ்ஸில் ஏறுவாள். ஏறியதும் யன்னல் ஓர இருக்கையில் இருந்து, பக்கத்து இருக்கையில் தன் புத்தகப் பையை வைத்துவிடுவாள். யார் வந்து கேட்டாலும் எடுக்கமாட்டாள்.

“ஆள் வருது,” என்பாளாம்.

“எங்க வருது? பஸ் காத்தான்குடியும் தாண்டிப் போயிற்று.”

“அடுத்த வருசம் வரும்.”

இதை மூத்தவளே வந்து எங்களுக்குச் சொன்னாள். என் மகளுக்கு அந்த இருக்கைதான் பரீட்சை. நகரத்துப் பாடசாலையின் கட்டடம், விளையாட்டுத் திடல், கெட்டிக்கார ஆசிரியர்கள் பற்றியெல்லாம் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. அக்காவின் பை வைத்திருக்கும் இடத்தில் தான் இருக்கவேண்டும். அவ்வளவுதான். அதற்கு அந்தப் பாடசாலை கேட்கும் வெட்டுப்புள்ளியைத் தாண்டவேண்டும்.

கணக்கில் அவளுக்குக் குறையில்லை. சுற்றாடலும் பரவாயில்லை. மாதிரி வினாத்தாள்களில் ஒவ்வொரு முறையும் புள்ளி ஒழுகிப் போனது ஒரே இடத்தில். பெயரடைகளுக்கு ஒத்த கருத்துச் சொல் எழுதும் பகுதி அது. மனப்பாடம் வராது என்பதல்ல அவளுடைய பிரச்சினை. அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

“பழைய,” என்று மனைவி குசினியிலிருந்து குரல் கொடுப்பாள். கையில் புட்டு.

“பழைய எண்டா சோறு.”

“கருத்தச் சொல்லு புள்ள. பழைய, புராதன, தொன்மையான. மூண்டும் ஒண்டு.”

“எப்படிம்மா ஒண்டு? புராதன எண்டா கோயில். புராதன சோறு எண்டு ஆராவது சாப்பிடுவாங்களா?”

“சரி, அத விடு. பெரிய?”

“பெரிய எண்டா மாமிட வீடு.”

“பாரிய?”

“பாரிய எண்டா மாமி.”

மனைவி புட்டைத் தேங்காய்ப்பூவோடு சேர்த்துக் குழைத்துக்கொண்டு என்னை முறைப்பாள். முறைப்பதற்குக் காரணம் இருந்தது. மழை, தூறல், சாரல் மூன்றையும் என் நாட்குறிப்பில் வெவ்வேறாகவே எழுதுவேன். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை யாராவது சொன்னால் திருத்துவேன். இந்த வியாதி அப்பனிடமிருந்து வந்தது என்பது வீட்டில் ஏகமனதான தீர்ப்பு. அதனால் பெயரடை நடக்கும் நேரங்களில் நான் குசினிப் பக்கம் வரக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டிருந்தது. அரசாங்கத்துத் தடைக்கு முந்தியது அது. வெளியே சைக்கிள் துடைப்பதுபோல நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், மகள் சொல்வதில் பாதி எனக்குச் சரியாகவே பட்டது. அதை வெளியே சொல்லவில்லை.

அவளுக்கு வகுப்பு எடுத்தது வீதியிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கையின் அந்தத்தில், கடைசி வீட்டில் இருந்த ஓர் இளம் ஆசிரியை. பட்டம் முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தவர். தன் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டிலில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்துப் படிப்பித்தார். கடைசி வகுப்பில் பெயரடைகளை ஒரேயடியாக மீட்டிப் படிப்பித்துவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். இடையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது தடை தொடங்கிவிட்டது. பெயரடைகள் மட்டும் மிச்சம்.

பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு வட்சப் குழு இருந்தது. அன்று மாலை அதில் வந்த குரல்பதிவுகளை மனைவி சத்தமாகப் போட்டுக் கேட்டாள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி சட்டத்தை ஏசினாள். இன்னொருத்தி பின்னணியில் மீன் பொரித்துக்கொண்டே, “பெயரடை இல்லாமச் சோதின எழுதினா என்ன கா?” என்று கேட்டுப் பலரிடம் வாங்கிக்கட்டினாள். கடைசியாக எங்கள் பின்வீட்டு மச்சாள், மனைவியின் தங்கை, குழுவில் எழுதாமல் நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தாள்.

“வகுப்பு வைக்கத்தான் ஏலாது. பேத்டே வைக்க ஏலும்தானே?”

“ஆருட பேத்டே?”

“ஆருடயாவது. ரீச்சர் விருந்துக்கு வருவா. பிள்ளைகள் வருங்கள். கேக் வெட்டினாப் பிறகு விளையாட்டு. விளையாட்டுக்குள்ள பெயரடை. ஆர் வந்து என்ன கேக்கப் போறாங்க?”

இந்த இடத்தில்தான் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அந்த வகுப்பில் எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்று ஊரில் உடனே சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். ஓகஸ்டில் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. ஆகக் கிட்டத்தில் இருந்தது ஆனி மாதத்தில் ஒன்று. அதைப் பெரிய கூடாரம் போட்டுக் கொண்டாடி ஃபேஸ்புக்கிலும் ஏற்றிவிட்டார்கள்.

“அப்ப எங்கட புள்ளைக்கு வைப்பம்,” என்றாள் மச்சாள்.

“அவள் மாசியில பிறந்தவள்.”

“மாசியில கொண்டாடினீங்களா?”

கொண்டாடவில்லை. மாசியில் மனைவியின் தாய்வழிக் குடியில் ஒரு மரணம் நடந்து, எங்களுக்குத் துடக்கு, கொண்டாட்டம் கூடாது. கேக் வாங்கவில்லை, ஒரு பலூன்கூட ஊதவில்லை. மகள் அன்று வாடிப்போய் இருந்ததும் குறிப்பில் இருக்கிறது.

“அப்ப இது பின்போட்ட பேத்டே, மச்சான். பொய்யில்ல. கூட்டம் பின்போடுறது இல்லையா, அதப்போல.”

பின்போடப்பட்ட பிறந்தநாள் என்ற தலைப்பில் இதை என்னால் எழுதமுடியும் என்று தோன்றியது. சம்மதித்தேன்.

கேக்கை மச்சாள் காத்தான்குடியில் ஒரு கடையில் சொன்னாள். எத்தனையாவது பிறந்தநாள் என்று கடைக்கார நானா கேட்டதற்கு, “எண் வேணாம் நானா, பூ மட்டும் போடுங்க,” என்றாளாம். பலூன்கள் வாங்கி, ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் ஒரு பெயரடை எழுதினார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பலூனைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். பாட்டு நின்றதும் ஒரே கருத்துள்ள பலூன்களெல்லாம் ஒன்றாய்க் கூடி நிற்கவேண்டும். தனியே நிற்பவர் வெளியே. ரீச்சரின் திட்டம் இது. இன்றுவரைக்கும் அதைவிட நல்ல பாடத்திட்டம் ஒன்றை நான் பார்க்கவில்லை.

பிழை வந்தது சூட்கேசால்.

ரீச்சர் தன் சொல் அட்டைகளையும் மாதிரி வினாத்தாள்களையும் கையில் தூக்கிக்கொண்டு வந்தால் ஒழுங்கையில் கண்டுவிடுவார்கள் என்று பயந்தார். அவருடைய அண்ணன் அண்மையில் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்தவர். அந்த அண்ணனின் சில்லு வைத்த பெரிய சூட்கேசுக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டி, புதன்கிழமை மாலை எல்லோரும் வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒழுங்கையின் அந்தத்திலிருந்து எங்கள் படலைவரை கடகடவென்று இழுத்துக்கொண்டு வந்தார். கைபிடியில் விமானக் கம்பனியின் பட்டித்துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். சொன்னால் தடங்கும் என்று பயம். கடைசி நாளில் ஏதாவது ஒரு சாட்டு வைத்துச் சிறிதாக ஒரு விருந்து கொடுப்பார்கள். கோயில் பொங்கல் என்பார்கள், பிள்ளையின் பிறந்தநாள் என்பார்கள். மறுநாள் வீடு பூட்டிக் கிடக்கும். ஊருக்கு இது நன்றாகவே தெரியும். மாசியில் பிறந்த பிள்ளைக்கு ஓகஸ்டில் கேக். படலைக்குள் போன புதுச் சூட்கேஸ். போதாததற்கு அந்தக் கிழமை நான் அடையாள அட்டை மாற்றுவதற்குப் படம் பிடிக்க நகரத்துக்குப் போய்வந்திருந்தேன். ஊர் கணக்குப் போட்டுவிட்டது.

கேக் வெட்டி முடிந்து, பாட்டுப் போட்டு, பிள்ளைகள் பலூனோடு ஓடத்தொடங்கினார்கள். முதலாம் தடவை பாட்டு நின்றது. ‘அழகான’, ‘எழிலான’, ‘வனப்பான’ மூன்றும் கிணற்றடியில் கூடிக்கொண்டன. ‘புதிய’வும் ‘நூதன’வும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தன. என் மகளின் கையில் ‘சிறிய’. அவள் முற்றத்தின் நடுவில் அசையாமல் நின்றாள். ‘நுண்ணிய’ பலூன் வைத்திருந்த பிள்ளை அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தது.

“வா கா இஞ்ச, நாம ஒண்டு.”

“இல்ல. நுண்ணிய எண்டா கிருமி. நான் கிருமியில்ல.”

ரீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கேக் துண்டைப் பார்த்தேன்.

அப்போது படலை திறந்தது. மனைவியின் மாமி, மேலே சொன்ன பாரிய மாமியேதான், தோளில் ஒரு உரப்பையோடு வந்தார். வந்தவர் நேரே என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழத்தொடங்கினார்.

“எங்களுக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே புள்ள! நாங்க என்ன, தடுக்கவா போறம்?”

“என்னத்த மாமி?”

“எனக்கொண்டும் தெரியாது எண்டு நினைக்கியா? சரி, சரி, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.” அவருக்குப் பின்னால் ஒழுங்கையே வந்துகொண்டிருந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “மனே, ஒரு சின்னப் பார்சல்தான். லண்டன்ல இரிக்கிற என்ட மகனுக்கு. மிளகாய்த்தூளும் கொஞ்சம் இறால் கருவாடும். உனக்குப் பாரமே தெரியாது.”

உரப்பையை என் காலடியில் வைத்தார். வைத்தபோது நிலம் அதிர்ந்ததாக எழுதினால் மிகைப்படுத்தல். ஆனால் ஒரு பலூன் வெடித்தது உண்மை.

“மாமி, நாங்க லண்டனுக்கு…”

“கனடாவா? அங்கயிருந்து தபால்ல போடு மனே.”

அடுத்தது எருமைப்பட்டி வைத்திருக்கும் பெரியம்மா. கையில் ஒரு சட்டித் தயிர், வாய் கட்டி. “இது கைக்கடக்கமான சட்டி மனே. மடியில வச்சுக்கொண்டு போகலாம். ஏரோப்பிளேன்ல சரிக்காமப் பிடிச்சியெண்டாச் சரி.” பிறகு ஒருவர் முழுப் பனங்கட்டிப் பெட்டி ஒன்றோடு வந்து, “சொட்டுச் சாமான்,” என்றார். அவருக்குப் பின்னால் வந்தவள் தலையணையளவு பொதியை நீட்டி, “குட்டிப் பை அண்ணன்,” என்றாள். இன்னொருவர் விரல் நுனியைக் காட்டி, “இத்தினிக்காணும்,” என்று சொல்லிவிட்டு, ஆள் வைத்து ஒரு மூட்டையை இறக்கினார்.

நாங்கள் ஒரு இடமும் போகவில்லை, இது பிள்ளையின் பிறந்தநாள் என்று சொன்னேன். எல்லோரும் அன்போடு தலையாட்டினார்கள். பெரியம்மா கண்ணடித்தார்.

அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கிராம சேவை உத்தியோகத்தர். ஊரில் அவரை விதானையார் என்பார்கள். மச்சாள் என் பின்னால் வந்து முதுகில் நுள்ளினாள்.

“ரியூசன் எண்டு வாயத் திறந்தீங்களோ, ரீச்சருக்கு நியமனமும் இல்ல, ஒண்டும் இல்ல. போறம் எண்டே சொல்லுங்க!”

விதானையார் உள்ளே வந்தார். முற்றத்தைப் பார்த்தார். பலூன்களைப் பார்த்தார்.

“பலூன்ல என்ன எழுத்து?”

“இப்ப இதுதான் விதானையார் பேஷன்,” என்றாள் மச்சாள்.

அவர் ஒரு பலூனைத் திருப்பிப் பார்த்து, “நூதன,” என்று சத்தமாக வாசித்தார். பிள்ளைகளுக்கு அது பழக்கதோஷம். எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரே குரலில், “புதிய! நவீன! புத்தம்புதிய!” என்று கத்தினார்கள். தாய்மார் கல்லாய் நின்றார்கள். ரீச்சர் மெதுவாகச் சூட்கேஸின் மேல் உட்கார்ந்தார்.

விதானையார் இன்னும் இரண்டு பலூன்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “கெட்டிக்காரப் பிள்ளைகள்,” என்றார். கொடுத்த கேக்கைச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்து, என்னை வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என்ன சொல்லவேண்டும் என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். ‘பின்போடப்பட்ட’ என்ற சொல்லில் தொடங்குவதாக இருந்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “டொரண்டோவில் என்னுடைய சகோதரி வசிக்கிறா. மிகச் சிறியதொரு பொதி இருக்கு. உங்களுக்கு எவ்வித அசௌகரியமும் ஏற்படாது.”

மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த அந்தப் பொதியை அவிழ்க்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். உன்னிச்சை வயலில் விளைந்த சிவப்பரிசி. நல்ல அரிசி.

என்னால் மறுக்கமுடியவில்லை. மறுத்தால் ஏன் விருந்து என்று சொல்லவேண்டும். சொன்னால் ரீச்சர் மாட்டுவார், கூடவே பெயரடைகளும் மாட்டும். ஒவ்வொரு பொதியாக முற்றத்தில் அடுக்கினேன். தூக்குவதும் வைப்பதுமாக முதுகு வலித்தது. மகள் ‘சிறிய’ பலூனைப் பிடித்தபடி என்னைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தாள். முதலில் அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

“அப்பா, நாம எங்க போறம்?”

“ஒரு இடமும் இல்ல.”

“அப்ப அக்காட பஸ்?”

“பஸ் அங்கதான் நிக்கிது. நீ சோதின எழுதினா அதுல ஏறலாம்.”

அவள் மூச்சு விட்டாள். பிறகு பொதிகளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். மாமியின் உரப்பையைக் காலால் தட்டிப்பார்த்தாள். அரிசி மூட்டையைத் தள்ளிப்பார்த்தாள், அது அசையவில்லை.

“மாமி இத என்னண்டு சொன்னா?”

“சின்னப் பார்சல் எண்டு.”

“இது?”

“சொட்டுச் சாமான்.”

“இது?”

“மிகச் சிறியதொரு பொதி.”

அவள் நின்று யோசித்தாள். பிறகு திரும்பி முற்றத்தின் அந்தப் பக்கத்துக்கு ஓடி, ‘நுண்ணிய’ வைத்திருந்த பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துவந்தாள். ‘அற்ப’ வைத்திருந்தவனையும், ‘குறுகிய’ வைத்திருந்தவளையும் கொண்டுவந்தாள். மூவரையும் பொதிகளின் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, தானும் நின்றாள்.

“ரீச்சர், இதெல்லாம் ஒண்டுதான்.”

ரீச்சர் சூட்கேஸிலிருந்து எழுந்தார். “எப்படித் தெரியும்?”

“ஆர் எந்தச் சொல்லுச் சொன்னாலும், தூக்கிறது எங்கட அப்பாதானே.”

விதானையார்தான் முதலில் சிரித்தார். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே ஒழுங்கை முழுவதும் சேர்ந்து சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய கண் நனைந்திருந்ததாக என் குறிப்பில் இருக்கிறது. மிளகாய்த்தூளாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு வீட்டில் அதுதான் முறை. மனைவி இரண்டு சொற்களைச் சொல்வாள். மகள் உடனே விடை சொல்லமாட்டாள், முதலில் விசாரிப்பாள்.

“களிப்பான, மகிழ்ச்சியான. ரெண்டையும் தூக்கிறது ஒரே ஆள்தானா?”

“ஓம், ஒரே ஆள்.”

“அப்பச் சரி.”

“பழைய, புராதன?”

கொஞ்சம் தயங்குவாள். “சோத்தத் தூக்கேலாது. மற்றதெல்லாம் தூக்கலாம்.”

பரீட்சை முடியும்வரை நாங்கள் வெளிநாடு போகிற குடும்பமாகவே இருந்தோம். வேறு வழியில்லை. நான் அலுவலகம் போவதற்கு வீட்டின் பின்வேலியால் வெளியேறினேன். போகும் வழியில் பிடிபட்டால், “கடைசி அலுவல்கள்,” என்பேன். தயிர் மட்டும் காத்திருக்கவில்லை. அது புளிக்கத் தொடங்கியதால் வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சீனி போட்டுச் சாப்பிட்டோம். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை மண்டபத்தின் வாசலில் தாய்மாரும் தகப்பன்மாரும் கூட்டமாக நின்றோம். மகள் வெளியே வந்தாள்.

“எப்படிப் புள்ள? பெயரடை வந்ததா?” என்றாள் மனைவி.

“வந்தது.”

“எழுதினியா?”

“அப்பா தூக்கினார்,” என்று சொல்லிவிட்டு ஐஸ்பழம் கேட்டாள்.

திங்கட்கிழமை தொடக்கம் நான் பொதிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நாங்கள் போகவில்லை, ஒருபோதும் போவதாக இருக்கவில்லை, அது பெயரடை வகுப்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் உண்மையைச் சொன்னேன். ரீச்சரின் பேரை மட்டும் விட்டுவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை.

“விசா குடுக்கல்ல போல,” என்றார் மாமி. உரப்பையைக் கண்டதும் அவருக்கு மறுபடி அழுகை வந்தது. “போனாப் போகுது மனே. ஊரோட இரு. லண்டன்ல குளிராம்.”

தயிர்க்காரப் பெரியம்மாவிடம் வெறுஞ்சட்டியைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, “மனவருத்தத்துக்குத் தயிர் நல்லது,” என்றார். விதானையார் அரிசி மூட்டையை ஏற்கமறுத்தார். “மேன்முறையீடு செய்யலாம்தானே? வதிவிடச் சான்றிதழ் நான் தருவன்.” மூட்டையை அவருடைய விறாந்தையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன். லண்டன் என்றும் கனடா என்றும் முதலில் சொன்னவர் யார் என்று விசாரித்தும் பார்த்தேன். எல்லோரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். காட்டிக் காட்டி ஒழுங்கை முடிந்து, கடைசி வீடு ரீச்சருடையதாக இருந்தது. அங்கே நான் கேட்கவில்லை.

பெறுபேறு வந்த நாள் மழை. சாரல் அல்ல, மழை. கைபேசியில் மகளின் பரீட்சைச் சுட்டெண்ணைத் தட்டிவிட்டு மச்சாள் கண்ணை மூடிக்கொண்டாள். மூத்தவள்தான் வாசித்துச் சொன்னாள். அந்த நகரத்துப் பாடசாலையின் வெட்டுப்புள்ளி வெளிவந்தபோது மகள் அதைத் தாண்டியிருந்தாள். மயிரிழையில்தான், ஆனாலும் தாண்டல் தாண்டல்தான். மகளைக் காணவில்லை என்று தேடினால், பின்வீட்டில் அக்காவின் புத்தகப் பையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது வருடத்தில் பாடசாலை தொடங்கிய முதல் நாள் காலை நானும் வீதிவரை போனேன். பஸ் வந்தது. மூத்தவள் முதலில் ஏறி, யன்னல் ஓரத்தில் இருந்து, வழக்கம்போலப் பக்கத்தில் பையை வைத்தாள். என் மகள் ஏறி அந்த இருக்கையின் பக்கத்தில் நின்றாள்.

“ஆள் வருது,” என்றாள் மூத்தவள்.

“வந்திட்டன் கா, எடு!”

பை மடிக்குப் போனது. பஸ் கிளம்பிய பிறகும் இரண்டு பேரும் யன்னலுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பக்கத்தில் நின்ற மாமி, “பாவம், கனடாவில படிச்சிருக்க வேண்டிய புள்ள,” என்றார்.

ஒன்றை மட்டும் நான் இன்னும் உறுதிசெய்யவில்லை. வெட்டுப்புள்ளிக்கு மேலே அவளிடம் மிஞ்சிய அந்தக் கொஞ்சப் புள்ளிகள் பெயரடைப் பகுதியிலிருந்து வந்தவையா என்பது. வினாவாரியாகப் புள்ளிகள் தருவதில்லை. விடைத்தாளைப் பார்க்க வழியுமில்லை. பெயரடைதான் என்று மனைவியும் மச்சாளும் சொல்கிறார்கள். கணக்கு என்று ரீச்சர் சொல்கிறார். மகளைக் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்கிறாள். ஆகவே இது உறுதிப்படுத்தப்படாத தகவல்.